மங்கை எனக்கு மட்டும் சொன்னது

ஜனவரி 6, திங்கள்

மங்கையின் ரத்தத்தில், காமாலையைக் காட்டும் பிலிருபின் 6.8. ஒன்று, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல்தான் இருக்க வேண்டும். ஆதாரம்: பரிசோதனை நிலைய அறிக்கை. இன்று காலை நானே வாங்கி வந்தேன்.

யார் என்பதை முதலில் சொல்லிவிடுவது தொழில் பழக்கம். மங்கையர்க்கரசி என் மனைவி. வயது நாற்பத்தேழு. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் ஆசிரியை. நான் ஒரு நாளிதழின் நெல்லை நிருபர், முப்பத்தொரு ஆண்டுகளாக. மகள் பிரகதி புனேயில் படிக்கிறாள்.

சனிக்கிழமை, பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் மங்கையின் கண்ணைப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், கண்ணுல மஞ்சள் பூசியிருக்கு” என்று கேட்டிருக்கிறார். வீட்டில் நான் அதைக் கவனிக்கவில்லை. வெளிச்சம் போதாது.

ஈரல் மருத்துவர் ரூபஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“மது உண்டாம்மா?”

“பத்திரிகைக்காரர் வீடுன்னா எல்லாரும் இதத்தான் கேக்காங்க. அவரே குடிக்கிறதில்ல சார்.”

“மாத்திரை? நாட்டு மருந்து? லேகியம், பொடி, கஷாயம்?”

“ஒண்ணும் கிடையாது.”

இதைச் சொல்லும்போது கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள். ஜிப் பழையது.

மாதவிடாய் பற்றியும் கேட்டார். ஒரு வருடமாக ஒழுங்கில்லை என்றாள். திடீரென்று கழுத்திலிருந்து உச்சந்தலை வரை அனல் ஏறுகிறது, தூக்கமில்லை, காரணமில்லாமல் கோபம் வருகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் வருவது என்றார் மருத்துவர். இதில் எனக்குப் புதிய தகவல் இல்லை. அனலுக்காக மின்விசிறியை ஐந்தில் வைப்பாள். எனக்குச் சளி பிடிக்கும். அதனால் போன வருடம் அவள் ஹாலுக்கு மாறிக்கொண்டாள். நல்ல ஏற்பாடு.

ஜனவரி 7, செவ்வாய்

மஞ்சள் காமாலை வைரஸ் சோதனைகள் நான்கிலும் இல்லை என்று வந்திருக்கிறது. ஆதாரம்: மருத்துவரின் தொலைபேசி அழைப்பு. அப்படியானால் என்ன காரணம் என்று கேட்டேன். “தேடணும்” என்றார்.

ஜனவரி 9, வியாழன்

எண்ணெய் ஆகாது என்பதால் சமையல் என் பொறுப்பு. ரசத்துக்கு மிளகு தேடி மேல் தட்டில் கை விட்டபோது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பழுப்பு நிறத்தில் ஒரு பொடி கிடைத்தது. முகர்ந்து பார்த்தேன். மிளகு வாசம் இருந்தது, மிளகு இல்லை.

மங்கை ஹாலில் திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் பேனாவை மூடினாள்.

“உக்காருங்க. இது ஆஃப் த ரெக்கார்டு.”

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கல்யாணமான புதிதில், அவள் தன் தலைமையாசிரியையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயத்தை நான் செய்தியாக்கிவிட்டேன். அன்றிலிருந்து அப்படி ஒரு ஏற்பாடு. பிரகதிகூடக் குறைந்த மதிப்பெண்ணை இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் காட்டுவாள். நான் மீறியதில்லை. ஒரு விசாரணைக் கமிஷன் முன்பு இரண்டு நாள் நிற்க வைத்தார்கள். அப்போதும் தகவல் தந்தவர் பெயரைச் சொல்லவில்லை.

மங்கை சொன்னது: அது அவளுடைய அக்கா ஆவுடையம்மாள் இடித்துக் கொடுத்த பொடி. அக்டோபரிலிருந்து காலையும் மாலையும் வெந்நீரில் ஒரு ஸ்பூன். ஈரல் சுத்தமானால் ஹார்மோன் தானாகச் சீராகும் என்று அக்கா சொன்னாள். அக்கா எனக்கு மதினி முறை. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். கணவர் இறந்தபின் அந்தப் பொடிதான் அவருடைய பிழைப்பு.

“இத டாக்டர்ட்ட சொல்லணும்லா?” என்றேன்.

“சொன்னா என்ன ஆகும்? அவ குடுத்துத்தான் தங்கச்சிக்கு ஈரல் போச்சுன்னு ஊரு பூரா பேசும். அப்புறம் யாரு வாங்குவா அவகிட்ட? நான்தான் நிப்பாட்டிட்டேனே. அது போதாதா?”

“எப்ப நிப்பாட்டுன?”

“கண்ணு மஞ்சளானதுமே. வாக்குக் குடுங்க. உங்க வாயிலேருந்து வரக் கூடாது.”

கொடுத்தேன்.

ரசம் நீர்த்துவிட்டது. சாப்பிட்டாள்.

ஜனவரி 11, சனி

பக்கத்து வீட்டிலிருந்து கீழாநெல்லி வந்தது. எதிர் வீட்டுக்காரர், மந்திரிக்கிற ஆள் ஒருவரின் முகவரி கொடுத்தார். இரண்டையும் வாங்கி வைத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஆவுடையம்மாள் மதினி பொங்கலுக்கு முந்திய நாள் வருவது வழக்கம். கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே கொண்டுவந்திருந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கரும்புக் கட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டார்.

“என்னட்டி இப்படி இருக்க? போன்ல லேசாத்தான் இருக்குன்ன.”

“லேசாத்தான் இருக்கு. நீ உள்ள வா.”

மதினி தன் பையிலிருந்து புதிய பாட்டில் ஒன்றை எடுத்தார். “இதுல கீழாநெல்லி கூடச் சேத்திருக்கேன். ஈரலுக்கு இத விட ஒண்ணு கிடையாது. இங்கிலீஷ் மருந்து எல்லாம் ஈரலத்தான் கெடுக்கும். என்ன தம்பி, நான் சொல்லுதது?”

மங்கை என்னைப் பார்த்தாள். நான் கரும்பை எடுத்து உள்ளே வைத்தேன்.

மாலையில் மதினியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, பாத்திரம் கழுவும் தொட்டியருகே புதிய பாட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பூன், ஈரமாக. யார் பயன்படுத்தியது என்று உறுதி செய்யவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானையில் மஞ்சள் குலை கட்டும்போது மங்கை சொன்னாள்: “காசு குடுத்து இத வேற வாங்கணுமா? என்னையப் பிடிச்சுக் கட்டிட்டா போதும்லா.”

பானையைக் கட்டுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். முதுகில் சீப்பால் சொறிந்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

பிலிருபின் 11.4. ஐ.என்.ஆர். 1.6. ஆதாரம்: ஆய்வக அறிக்கை; விளக்கம்: மருத்துவர் ரூபஸ்.

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைவதற்கான கணக்கு. ஒன்றையொட்டி இருக்க வேண்டும். ஏறினால் ஈரல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். இரண்டைத் தாண்டினால் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்வேன் என்றார். அங்கே ஈரலையே மாற்ற வேண்டி வரலாம்.

இன்னொன்றும் சொன்னார். ஈரல் தளர்ந்தால் மூளை குழம்பும். அதனால் தினமும் அவளிடம் கேள்வி கேட்க வேண்டும்: இன்று என்ன கிழமை, இது எந்த ஊர். பதில் தாமதமானாலோ தப்பானாலோ உடனே சொல்ல வேண்டும்.

மங்கை ரத்தம் கொடுக்கப் போனபோது என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்தார்.

“சார், காரணம் தெரியலன்னா ஈரல்ல ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பாக்கணும். ரத்தம் உறையாத நேரத்துல அது ஆபத்து. நீங்க எத்தன பேர்ட்ட கேள்வி கேட்டு வாங்கியிருப்பீங்க. நாங்க எதையாவது விட்டிருக்கோமா?”

“எனக்குத் தெரியல சார்” என்றேன்.

சொன்னது அதுதான்.

சனிக்கிழமை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இன்றே சேரச் சொன்னார். மதிப்பெண் பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மங்கை பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

ஜனவரி 17, வெள்ளி

தகவல் தந்தவர் சம்மதித்தால் வாக்கு தானாக விடுபடும். அது விதி. அதனால் காலையில் கேட்டேன்.

“நீயே சொல்லிரு மங்கை. இல்ல, என்னையச் சொல்ல விடு.”

அவள் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“போன வருசம் சித்திரையில உங்ககிட்ட சொன்னேன், தலைக்குள்ள அடுப்பு எரியுத மாதிரி இருக்குன்னு. என்ன சொன்னீய?”

ஞாபகமில்லை என்றேன்.

“கரண்ட் பில் எம்புட்டு வந்திருக்கு பாருன்னீய. லேடி டாக்டர்ட்ட போனேன். வயசுக்கு அப்படித்தான், பொறுத்துக்கோங்கன்னுட்டா. அக்கா ஒருத்திதான் பக்கத்துல உக்காந்து, உனக்கு என்னட்டி செய்யுதுன்னு கேட்டா. ரெண்டு மணி நேரம் கேட்டா. அந்தப் பொடியக் குடிச்ச மூணு மாசமும் நான் தூங்கினேன். அது பொடியோ, அவ கேட்டதோ, எனக்குத் தெரியாது. அவளப் போயி நான் காட்டிக் குடுக்கணுமா?”

“சரி, இப்ப என்ன செய்யுது உனக்கு?”

“இப்பக் கேக்கீயளாக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

கேட்ட கேள்விகள்: கிழமை, வெள்ளி என்றாள். ஊர், “உங்க ஊருதான்” என்றாள். இரண்டும் சரி.

ஜனவரி 18, சனி

காலையில் சேர்த்தாயிற்று. இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். கிளம்பும் முன் சமையலறையில் அவளுக்குக் கொஞ்சம் நேரமானது. நான் ஆட்டோவில் காத்திருந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஐ.என்.ஆர். 1.7.

தகவல் தந்தவர் சம்மதிக்காதபோது இன்னொரு வழி உண்டு. அதே தகவலை வேறோர் ஆளிடமிருந்து நேரடியாகப் பெறுவது. அப்போது முதலாமவருக்குக் கொடுத்த வாக்கு மீறப்படாது. எத்தனையோ செய்திகளை இப்படி எடுத்திருக்கிறேன். இங்கே இது இவ்வளவு தாமதமாகத் தோன்றியது.

மங்கையின் பள்ளி டீச்சரைத் துணைக்கு வைத்துவிட்டு, பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போனேன். மதினி மாடியில் எதையோ உலர்த்திக்கொண்டிருந்தார். மங்கையைப் பற்றிக் கேட்டார், சேர்த்திருக்கிறோம் என்றேன். “நாளைக்கே வாறேன்” என்றார். பிறகு நான் பொடியைப் பற்றிக் கேட்டேன். மங்கையின் பெயரைச் சொல்லாமல், பொதுவாக.

ஒளிக்க எதுவும் இல்லாதவர் போலச் சொன்னார். அமுக்கரா, மஞ்சள், மிளகு, இன்னும் மூன்று வேர்கள். முன்பெல்லாம் வேரை வாங்கி இடித்ததாகவும், இப்போது வியாபாரி ஒருவர் சத்து இறக்கிய பொடியாகவே கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார்.

“அதுல வீரியம் கூடுதல் தம்பி. ஆனா அளவ மட்டும் நான் மாத்தல, பழைய ஸ்பூன்தான்.”

“யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க மதினி?”

“அதச் சொல்லுங்க. மங்கை வயசு பொம்பளைய எல்லாரும் எங்கிட்டதான் வாறாளுக. மங்கையும் குடிச்சிட்டுத்தான் இருக்கா, உங்களுக்குத் தெரியாதா? நல்லா எழுதிக்கோங்க தம்பி. பேப்பர்லயே போடுங்க, எம் பேரு போட்டு. உங்க பேப்பர்ல வந்தா இன்னும் நாலு பேரு வருவா.”

எழுதிக்கொண்டேன். பாட்டில் ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

யாருடைய பெயர் வெளியே வரக் கூடாது என்று மங்கை காத்துவந்தாளோ, அவரே பெயர் போட்டு எழுதச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் பாட்டில் மடியில் இருந்தது. கண்டக்டர் அது ஊறுகாயா என்று கேட்டார்.

இரவு மங்கையிடம் கிழமை கேட்டதற்கு, “ஞாயித்துக்கிழம. நீங்க எங்க போனீய?” என்றாள். வேலையாக என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

பிலிருபின் 15.1. ஐ.என்.ஆர். 1.8.

மருத்துவர் சுற்று வந்தபோது பாட்டிலை மேசையில் வைத்தேன். மதினி சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். மங்கை சொன்ன எதையும் சொல்லவில்லை. மங்கை கட்டிலில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரூபஸ் பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். “இதுதான்னு நூறு சதவீதம் யாராலும் சொல்ல முடியாது. பத்துப் பேரு குடிச்சு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஒருத்தருக்கு மட்டும் ஈரல் சண்டைக்கு நிக்கும். மத்த எல்லாம் இல்லைன்னு ஆனதுக்கு அப்புறம், நான் இதத்தான் முதல்ல சந்தேகப்படுவேன்.” பிறகு, “உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சது?” என்றார்.

“நேத்து” என்றேன். மதினி மூலம் கிடைத்தது நேற்றுதான். அந்த அளவில் அது சரி.

“கடைசியா எப்பக் குடிச்சாங்க?”

“ரெண்டு வாரத்துக்கு முந்தியே நிப்பாட்டியாச்சு” என்றேன்.

“சனிக்கிழம” என்றாள் மங்கை.

இரண்டு பேரும் திரும்பினோம்.

“சனிக்கிழம காலையில சார். இங்க வாறதுக்கு முந்தி. அன்னைக்கு ரெண்டு ஸ்பூன். இங்க வந்தா குடிக்க முடியாதுல்லா. நிப்பாட்டத்தான் பாத்தேன். நிப்பாட்டுன ரெண்டாம் நாளே அனலு திரும்ப ஏறிட்டு. தாங்க முடியல.”

ரூபஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மருத்துவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அம்மா, ஈரல்தான் ஹார்மோனை உடைச்சு வெளியேத்துது. அது உண்மை. அதுக்காக அதக் கழுவ வேண்டியதில்ல, அது பாத்திரம் இல்ல. உங்க அனலுக்கு வேற மருந்து இருக்கு. ஆனா இப்பக் குடுக்க முடியாது. இந்த ஈரல் முதல்ல நிக்கணும்.”

“நிக்குமா சார்?”

“நிறுத்தினா பெரும்பாலும் இறங்கிரும். எப்ப இறங்க ஆரம்பிக்கும்னு என் கையில இல்ல. சில பேருக்கு நிறுத்தின பிறகும் கொஞ்ச நாள் ஏறும்.”

அவர் போனபின் மங்கை சொன்னாள்: “நல்லாத்தான் வழி கண்டுபிடிச்சிருக்கீய. வாக்கும் போகல, வேலையும் முடிஞ்சிட்டு.”

அதற்குப்பின் என்னிடம் பேசவில்லை.

மதினி மதியம் வந்தார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. “அவ குடிச்சதத்தான் நானும் குடிக்கேன். எனக்கு ஒண்ணும் செய்யலியே தம்பி” என்று அதையே மூன்று நான்கு தடவை சொன்னார். பிறகு நேரே மருத்துவரிடம் போய், என் ஈரலை வெட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டார். முதலில் உங்களுக்கே ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் அவர். மதினி கையை நீட்டினார்.

ஜனவரி 21, செவ்வாய்

ஐ.என்.ஆர். 1.9. ஆதாரம்: காலை அறிக்கை.

மதினி நேற்றிலிருந்து வராந்தா பெஞ்சில் இருக்கிறார். போனைக் காதில் வைத்து ஒவ்வொருவரையாகக் கூப்பிடுகிறார். “ஏ சொர்ணம், பொடியத் தொடாத. கொட்டிரு. ஆமா, நான்தான் சொல்லுதேன். துட்டத் திருப்பித் தாறேன். கேக்காத, கொட்டிருன்னா கொட்டிரு.” கதவு மூடினாலும் அந்தக் குரல் உள்ளே கேட்கிறது. மங்கை சுவரைப் பார்த்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையாகவும் இருக்கலாம்.

உள்ளே அழைத்துவரவா என்று கேட்டேன். பதில் இல்லை.

காலையில் கேட்டேன்: “இன்னைக்கு என்ன கிழமை?” பதில் இல்லை. “இது என்ன ஊர்?” இல்லை. கண் திறந்திருந்தது. என் பக்கம் பார்த்தது. பேசவில்லை.

செவிலியரிடம் ஓடினேன். அவர் வந்து அவள் கையைப் பிடித்து, “அம்மா, இன்னைக்கு என்ன கிழம?” என்று கேட்டார். கொஞ்சம் நேரமானது. “செவ்வாய்” என்றாள்.

“சரியாத்தான சொல்லுதாங்க சார், உங்ககிட்ட என்ன கோவமோ” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்தக் கொஞ்ச நேரம் எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். “கோவம்னா நல்லது சார்” என்றார். முப்பத்தொரு ஆண்டுகளில், பேசாதிருக்கும் எத்தனையோ பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் பேசவில்லை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இருபத்துநான்கு ஆண்டு கூட வாழ்ந்தவளிடம் தெரியவில்லை.

மாலையில் அனல் ஏறியது. கழுத்து சிவந்து மூச்சு வாங்கினாள். கொடுக்க மருந்து எதுவும் இல்லை. எழுந்து போய் மின்விசிறியை ஐந்தில் வைத்தேன். மப்ளரைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னையும் மப்ளரையும் சற்று நேரம் பார்த்தாள். உதடு அசைந்தது போல இருந்தது. சத்தம் வரவில்லை, அல்லது மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

கோபம் என்றே நம்புகிறேன். உறுதி செய்யப்படவில்லை.

சென்னைக்கு ஆம்புலன்ஸ் சொல்லி வைத்திருக்கிறது. பிரகதி நாளைக் காலை ரயிலில் இறங்குகிறாள். மதினியின் ரத்த அறிக்கை நாளை மறுநாள் வரும். மங்கையின் அடுத்த ஐ.என்.ஆர். நாளை காலை பதினொரு மணிக்கு. கிழமையை மறுபடி நாளைக் காலை ஆறு மணிக்குக் கேட்க வேண்டும். புதன் என்று சொல்ல வேண்டும்.